அம்மா அடித்துத் திருத்திய கட்டம்

அம்மா இன்னும் கொஞ்ச காலம் தங்க அனுமதி கேட்கும் படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் இருந்தது அந்தக் கட்டம். இதற்கு முன் மலேசியாவில் தங்கியிருக்கிறீர்களா, ஆம் என்றால் எவ்வளவு காலம் என்று கேட்டிருந்தார்கள். நான் நீலப் பேனாவால் 'இல்லை' என்பதில் அழுத்தி ஒரு டிக் போட்டேன். பொய்யை அழுத்தி எழுதினால் உண்மையாகிவிடும் என்று நினைப்பு போல. சுங்கைப் பட்டாணி ஊரில், பாக்கார் ஆராங்கில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ஒரு சாயங்கால வேளையில் நடந்த கூத்து அது.

அப்போது எனக்கு ஏழு மாதம். அதற்கு முந்தைய வருடம் ஒன்று தங்காமல் போயிருந்தது. என் வீட்டுக்காரருக்குத் தாய் இல்லை, கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை வேறு. என்னைப் பார்த்துக்கொள்ள அம்மா புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்திருந்தார். அவர் இங்கே தங்குவதற்கான வருகைப் பாஸ் முடிய ஒன்பது நாள்தான் பாக்கி. நீட்டிப்புக் கிடைத்தால் பிரசவம் வரை கூட இருப்பார். கிடைக்காவிட்டால் அவர் விமானம் ஏற வேண்டியதுதான், நான் தனியாகக் கிடந்து பயப்பட வேண்டியதுதான்.

இத்தனைக்கும் அம்மா இந்த மண்ணில் பிறந்தவர். சுங்கை லாலாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பதினோரு வயது வரை அங்கேயே வளர்ந்தார். தாத்தாவிடம் இருந்தது, குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் சிவப்பு அடையாள அட்டை. பெர்மிட் இல்லாதவர்களுக்கு வேலை கிடையாது என்று வந்தபோது, குடும்பத்தோடு கப்பலேறி இந்தியா போய்ச் சேர்ந்தார். அங்கே ஊரார் அம்மாவுக்கு வைத்த பெயர் மலேயாக்காரி. கல்யாணமாகி, பிள்ளை பெற்று, தலை நரைத்த பிறகும் மலேயாக்காரிதான். நான் மலேயாக்காரி மகள். பிறகு நானே இங்கே வாழ்க்கைப்பட்டு வந்துவிட்டேன், அது தனிக்கதை.

"இல்லன்னே போட்டுடு லா," என்றார் வீட்டுக்காரர். "அந்தக் காலத்துல போனவங்கன்னு தெரிஞ்சா பழைய ஃபைல தோண்டுவானுங்க. அது இதுன்னு மாசக் கணக்கா இழுக்கும். நம்மகிட்ட ஒம்பது நாளுதான் இருக்கு."

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னிடம் கேட்டார். "அந்தக் கட்டத்துல என்னடி கேக்குறான்?"

சொன்னேன்.

"பதினோரு வருசம்னு எழுது."

"அம்மா, சும்மா இருங்க. வம்ப வெலைக்கு வாங்காதீங்க."

"நான் தோட்டத்துல பொறந்தது வம்பா? எங்கப்பன் இங்க பால் வெட்டுனது வம்பா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பெற்ற மகளைவிட ஒரு கட்டம் பெரிதாகப் போய்விட்டதா என்று வாய்விட்டே கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

மறுநாள் காலை குடிநுழைவு அலுவலகத்தில் எங்கள் எண் வந்தது. முகப்பு மேசையில் இருந்தவர் ஒரு மலாய்ப் பெண், என் வயதுதான் இருக்கும். தாள்களைப் புரட்டியவர் இரண்டாம் பக்கத்தில் நின்றுவிட்டார். நான் எட்டிப் பார்த்தேன். என் டிக்கின் மேல் இரண்டு கோடு. 'ஆம்' என்பதில் புது டிக். பக்கத்தில் குண்டு குண்டாக 11 என்று எழுதியிருந்தது. வரும் வழியில் படிவத்தை அம்மா மடியில் வைத்திருந்தார். நான் முன் இருக்கையில் பாதையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

"பதினோரு வருடமா?" என்று அந்தப் பெண் மலாயில் கேட்டார். "பாஸ் இல்லாமல் தங்கினாரா?"

வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அம்மா முகப்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, "டாக் ஐ, காக்! செக் லாஹிர் சினி," என்றார். இல்லக்கா, நான் இங்கே பிறந்தவள்.

மூன்று வாரமாக, மலாய் எல்லாம் மறந்துபோச்சு என்று சொல்லிக்கொண்டிருந்த அம்மா! அதுவும் இந்தக் கெடா மாநிலத்துக்கே உரிய அசல் கெடா மலாய். செக் என்பது சின்னப் பிள்ளைகள் பெரியவர்களிடம் தங்களைச் சொல்லிக்கொள்ளும் சொல் என்று வீட்டுக்காரர் என் காதில் சொன்னார். பதினோரு வயதில் விட்டுப்போன மொழி, வயது ஏறாமல் அப்படியே இருந்திருக்கிறது. அறுபது தாண்டியவர், மகள் வயதுப் பெண்ணை அக்கா என்று கூப்பிட்டுப் பிள்ளைபோல் பேசுகிறார். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அம்மாவும் சிரித்தார். பாஸ்போர்ட்டைத் திருப்பி, பிறந்த இடம் கெடா என்று அச்சாகியிருந்ததை விரலால் காட்டினார். முதல் பக்கத்திலேயே இருந்ததை மறைக்கப் பார்த்த புத்திசாலிகள் நானும் வீட்டுக்காரரும்தான்.

எதற்காக இன்னும் தங்க வேண்டும் என்று அடுத்த கேள்வி. அம்மா என்னைக் காட்டினார். முந்தைய வருடம் நடந்ததைச் சொன்னார். மலாய்ச் சொல் கிடைக்காத இடத்தில் தன் வயிற்றைத் தொட்டுக் கையை விரித்தார். நான் பக்கத்தில் இருந்தால் இவள் பயப்பட மாட்டாள், அவ்வளவுதான் என்றார். கெஞ்சவில்லை. குரல் கொஞ்சமும் தாழவில்லை. எனக்கு அழுகையும் பெருமையும் சேர்ந்து வந்தது. இந்த மனுஷியையா நேற்று வாயை மூடச் சொன்னேன் என்று வெட்கமாகவும் இருந்தது.

அந்தப் பெண் தாள்களோடு உள்ளே போய் வெகுநேரம் கழித்து வந்தார். திருத்திய இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். அம்மா தமிழில் போட்டார். மூன்று நாள் கழித்துப் போனபோது மூன்று மாத நீட்டிப்புக் கிடைத்திருந்தது.

மகள் சுங்கைப் பட்டாணி மருத்துவமனையில் நல்லபடியாகப் பிறந்தாள். வீட்டுக்காரர் பிறப்புப் பத்திரத்தோடு வந்தபோது அம்மா பேத்தியை மடியில் போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொன்னார். பெயர், பிறந்த இடம், தகப்பன் பெயர் எல்லாம் படித்தேன். 'குடிமகள்' என்ற வரி வந்ததும், "அத இன்னொருக்கா படி," என்றார். படித்தேன். மறுபடியும் கேட்டார். மறுபடியும் படித்தேன்.

பிறகு குனிந்து, தூங்கிக்கொண்டிருந்தவளிடம் சொன்னார்: "கேட்டுக்க ஆத்தா. ஒன்னைய எவனும் கெளம்புன்னு சொல்ல முடியாது."