சரோஜாவின் உள்ளங்கையில் வந்த முத்து

என் மனைவி சரோஜாவுக்கு அம்மை போட்டிருப்பதாகத்தான் முதலில் நம்பினேன். மாரியம்மனே வீடு தேடி வந்துவிட்டாள் என்று அரை வேப்பமரத்தை ஒடித்து வாசலில் செருகினேன்.

எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம், ஆடி மாசம். உத்திரமேரூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அந்த வருஷம் தையில்தான் மெட்ராஸில் அவள் நெஞ்சைத் திறந்து, கெட்டுப்போன வால்வை எடுத்துவிட்டுச் செயற்கை வால்வு வைத்திருந்தார்கள். அது டிக் டிக்கென்று சத்தம் போடும். நின்றுவிட்டதா என்று காதை வைத்துக் கேட்பதே என் பிழைப்பு. குழப்பம் வேண்டாமென்று சுவர்க் கடிகாரத்தைக்கூட நிறுத்திவிட்டேன்.

"இன்னாய்யா, எப்பப் பாரு காத வச்சிக்கினு கீற? நின்னா நானே சொல்றேன், போ" என்பாள்.

ஆடியில் விடாத காய்ச்சல். உள்ளங்கையிலும் பாதத்திலும் அம்மை முத்து மாதிரி சிவப்புப் புள்ளிகள். காய்ச்சல் வந்தால் உடனே கூட்டிவா என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அம்மை கண்ட உடம்பில் ஊசி போட்டால் தெய்வக் குத்தம் ஆயிற்றே! மஞ்சள்நீர் தெளித்தேன். வீட்டில் தாளிப்பை நிறுத்தினேன். அவளுக்குக் கஞ்சிகூட இறங்கவில்லை. ஊரையே கேலி பேசுகிற நான், கொல்லைப்பக்கம் போய் வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதேன்.

கூழ் ஊற்றும் அன்று கோயில் வாசலில் விழுந்தேன். "தாயே, எறங்கிப் போயிடு. அவள என்க்கு வுட்டுடு." வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை.

அப்போது எதிர்வீட்டு முனியம்மாவுக்கு அருள் வந்தது. என் கோழிகள் தோட்டத்தில் மேய்ந்தால் எந்தக் குரலில் திட்டுவாளோ, அதே குரலில் அம்மன் திட்டினாள்.

"எங்கடா எறங்கறது? நான் உன் வூட்டுக்கு வரவே இல்லடா! பொண்டாட்டிய மெட்ராஸுக்கு இட்னு போடா!"

வேட்டி அவிழ்ந்ததுகூடத் தெரியாமல் ஓடிப்போய் வாடகைக் கார் பிடித்தேன். கார் செங்கல்பட்டைத் தாண்டும்போது சரோஜா ஏதோ சொல்ல வந்தாள். வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு மெட்ராஸ் வரைக்கும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னேன்: தாயே.

அன்பர்களே, பயந்தவன் வேண்டுதலையும் அம்மன் தள்ளுவதில்லை. நம்பிக் கேளுங்கள். பதில் ஆறுதலாக வராமல் திட்டாகவும் வரலாம். வந்ததும் கிளம்பிவிடுங்கள். இப்போதெல்லாம் நான் கும்பிட்ட கையோடு டாக்டரிடமும் ஓடுகிறேன்.

சரோஜாவுக்கு வந்தது அம்மை இல்லை. செயற்கை வால்வில் கிருமி பற்றிக் கட்டியாகியிருந்தது. கையிலும் பாதத்திலும் வந்த புள்ளிகளும் அதனால்தானாம். அந்தக் கட்டியில் ஒரு துணுக்கு ரத்தத்தோடு போய் மூளையில் அடைத்துவிட்டது. வாரக்கணக்கில் நரம்பில் மருந்து ஏற்றிக் கிருமியை ஒழித்தார்கள். சரோஜா பிழைத்துக்கொண்டாள். பேச்சு திரும்பி வரவில்லை.