ஊசி மெஷினுக்குப் பொட்டு

சந்திரம்மா ஒரு காலத்தில் டாக்டராக இருந்தவர். சதுரங்கப்பட்டினத்தில் தொடங்கி, சுற்றுவட்டாரத்தில் பன்னிரண்டு ஊர்களுக்கு அவர்தான் டாக்டர். மகளிர் குழு போட்ட எய்ட்ஸ் விழிப்புணர்வு நாடகத்தில் அவருக்கு அந்த வேடம். பள்ளிக்கூட ஆய்வகத்தில் இரவல் வாங்கிய வெள்ளைக் கோட்டு, சைக்கிள் டியூபில் செய்த ஸ்டெதஸ்கோப். ஒரே தம்ளரில் குடித்தால் பரவாது, கொசு கடித்தால் பரவாது, அடுத்தவருக்குப் போட்ட ஊசி குத்தினால் பரவலாம் என்று முழங்குவார். பிறகு ஒரு வாழைப்பழத்தை எடுத்து ஆணுறை மாட்டிக் காட்டுவார். அந்தக் கட்டத்தில் ஆண்கள் தரையில் எதையோ தொலைத்தவர்கள் போலக் குனிந்துகொள்வார்கள். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒன்றுவிடாமல் பார்ப்பார்கள். சந்தேகம் இருந்தால் 1097க்குப் போன் பண்ணுங்க என்பது கடைசி வசனம்.

அது நடந்து இருபது வருடம் ஆகிறது. இப்போது அவருக்கு நாற்பத்தெட்டு வயது. மாமல்லபுரத்தில் ஒரு தனியார் கிளினிக்கில் கூட்டிப் பெருக்கி, குப்பை அள்ளுகிற வேலை. டாக்டர் சென்னையிலிருந்து மாலையில்தான் வருவார். மற்ற நேரமெல்லாம் ராஜ்யம் மேனேஜர் கோபாலகிருஷ்ணனுடையது. அவர் அதற்கு முன்பு மனை விற்றுக்கொண்டிருந்தவர்.

போட்டு முடித்த ஊசியைக் கருக்கி அழிக்கிற மெஷின் ஒன்று அந்தக் கிளினிக்கில் இருந்தது. வாங்கிய நாளிலிருந்து பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றாமல் அலமாரிமேல் வைத்திருந்தார்கள். ஆய்வுக்கு வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக வாங்கியது. பயன்படுத்தினால் பழசாகிவிடும் அல்லவா? ஆயுத பூஜைக்கு மட்டும் இறக்கிப் பொட்டு வைப்பார்கள். விஞ்ஞானத்தைக் கும்பிடத் தெரிந்தவர்களுக்கு அதை மின்சாரத்தில் சொருகத் தெரியவில்லை. ஊசிகளெல்லாம் பஞ்சோடும் காகிதக் கோப்பையோடும் கறுப்புப் பைக்குள்தான் போயின. அதை வெறுங்கையால் கட்டித் தூக்குவது சந்திரம்மா.

ஜூன் மாதம் ஒரு காலையில் பையின் வாயை இறுக்கிக் கட்டும்போது ஓர் ஊசி அவருடைய கட்டைவிரலடியில் ஏறியது. ஒரு பொட்டு ரத்தம். யாருக்குப் போட்ட ஊசி என்று கேட்டால், முதல் நாள் வந்த முப்பது பேரில் யாரோ ஒருவருக்கு. நாடகத்தில் ஊசி குத்தினால் பரவலாம் என்பதோடு டாக்டரின் வசனம் முடிந்துவிடும். குத்திய பிறகு என்ன செய்வது என்று யாரும் எழுதித் தரவில்லை.

கடைசி வசனம் இருந்தது. ஊருக்கெல்லாம் சொன்ன எண்ணை வாழ்க்கையில் முதல்முறையாக அவரே அழுத்தினார். சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவுங்கள், பிதுக்காதீர்கள், உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள் என்றார்கள். தடுப்பு மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்லது, எழுபத்திரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் பயனில்லை என்றும் சொன்னார்கள்.

கையைக் கழுவிவிட்டு மேனேஜரிடம் போனார். செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அதற்கு முன் நடந்ததை விபத்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றார். எழுதாமல் போனால் நாளைக்கு நோய் வந்தது எங்கிருந்தோ என்று கைகழுவி விடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

கோபாலகிருஷ்ணன் பதிவேட்டைத் திறக்கவே இல்லை. நாளை மறுநாள் ஆய்வு. நான்கு வருடமாக அதில் ஒரு விபத்துகூட இல்லை. அந்த வெள்ளைப் பக்கங்கள்தான் அவருடைய பெருமை. மஞ்சள் வைத்துக் கட்டச் சொன்னார், அரை நாள் லீவும் கிடையாது என்றார்.

"அது புது ஊசியா இருக்கும் சந்திரம்மா. ஒண்ணும் ஆவாது. போய் வேலையப் பாரு."

சந்திரம்மா போனார். அது மேனேஜரின் தேநீர் வேளை. அவருக்கென்றே இருக்கும் எவர்சில்வர் தம்ளரில் ஊற்றிக்கொண்டு திரும்பி வந்தார். மேஜைமுன் நின்று, ஒரு வாய் உறிஞ்சிவிட்டு அவர்முன் வைத்தார்.

"சூடு பாத்தேன் சார். சரியா கீது."

மேனேஜரின் நாற்காலி சுவர்வரைக்கும் போனது. சந்திரம்மா அவருடைய பேனாவை எடுத்து, யோசிப்பவர்போல அதன் முனையைக் கடித்தார். அடுத்து அவருடைய போன்மேல் கை வைத்தார்.

"தொடாத. எதையும் தொடாத!"

"இன்னாத்துக்கு சார்? புது ஊசின்னு நீதான சொன்ன. ஒண்ணும் ஆவாதுன்னா டீயக் குடி."

தம்ளரில் பரவாது என்று பன்னிரண்டு ஊர்களுக்குத் தெரியும். பதிமூன்றாவது ஊரில் இருந்தவர் கோபாலகிருஷ்ணன். வேறொரு பேனா தேடிப் பதிவேட்டில் எழுதினார், நேரம் உட்பட. பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம் என்று தன் காரிலேயே ஏற்றிக்கொண்டார். நான்கு ஜன்னலும் திறந்திருந்தன. திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை ஒவ்வொரு வேகத்தடையிலும் சந்திரம்மா நிதானமாக இருமிக்கொண்டே வந்தார்.

பெரியாஸ்பத்திரியில் ஆலோசகர் தமிழ்ச்செல்வி விவரமெல்லாம் கேட்டுக்கொண்டார். ஊசிக்குரியவருக்கு நோய் இருந்தே இருந்தாலும் ஆயிரம் பேருக்குக் குத்தினால் மூன்று பேருக்குத்தான் தொற்றும், மாத்திரை அதையும் குறைத்துவிடும் என்று விளக்கினார். இருபத்தெட்டு நாள் தவறாமல் போட வேண்டும். ஆறு வாரத்திலும் மூன்று மாதத்திலும் மறுபடி பரிசோதனை. மேனேஜர் மெல்ல உள்ளே தலையை நீட்டி, ஒரே காரில் வந்ததால் தனக்கும் மாத்திரை கிடைக்குமா என்று கேட்டார்.

தமிழ்ச்செல்வி அவரை உட்கார வைத்தார். கிளினிக்கில் ஊசி அழிக்கும் மெஷின் இல்லையா என்றார். இருக்கிறதே என்று மேனேஜர் சந்தோஷமாகப் போனில் படம் காட்டினார். போன வருட ஆயுத பூஜைப் படம். உறைமேல் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை, உறையைத் துளைத்துச் சொருகிப் புகைந்துகொண்டிருக்கும் ஊதுவத்தி.

"இதுல ஊசிய எங்க சார் விடணும்?"

"பத்தி சொருகிருக்கு பாருங்க மேடம், அந்த ஓட்டையிலதான்."

தமிழ்ச்செல்வி போனைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு கிளினிக் டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதித் தந்தார். அவர் அன்று மாலையே அதைப் படித்தார். இரவுக்குள் மெஷின் உறையிலிருந்து வெளியே வந்தது, கையுறைப் பெட்டியும் வந்தது.

மாத்திரை சந்திரம்மாவைப் படுத்தியது. குமட்டலில் இட்லிகூட இறங்காத நாட்கள் உண்டு. ஆயிரத்தில் மூன்று என்பது பகலில் சின்ன எண்ணாக இருக்கும். தனியாகக் குப்பை அள்ளும்போது அந்த மூன்றில் ஒன்று தான்தானோ என்று தோன்றும். முடிவு தெரியும்வரை ஆணுறை கட்டாயம் என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த பெட்டியை, ஷேர் ஆட்டோ ஓட்டும் கணவர் ஜெபசிங் அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்தார்.

"ஊருக்கெல்லாம் படம் காட்டினியே, இப்பத்தான் நம்ம வூட்டுக்கு வந்துகீது," என்றார். அந்த மூன்று மாதத்தில் சந்திரம்மா வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

செப்டம்பர் கடைசியில் மூன்றாவது பரிசோதனை. தொற்று இல்லை என்ற தாளை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினார்.

அடுத்த வாரம் ஆயுத பூஜை. மேனேஜர் தட்டில் குங்குமமும் ஊதுவத்தியுமாக வந்தார். கையுறை போட்ட நர்ஸ் அப்போதுதான் ஓர் ஊசியை மெஷினில் விட்டார். சடசடவென்று பொறி பறந்தது. கருகல் வாடையில் மேனேஜர் தயங்கி நின்றார்.

"அதாண்ட போவாத சார், வேல செஞ்சிகினு கீது," என்றார் சந்திரம்மா. "அந்த ஓட்டையில ஊசிதான் போவும். பத்திய வேற எங்கியாச்சும் சொருகு."

கோபாலகிருஷ்ணன் சுற்றிலும் தேடினார். தட்டில் ஒரு வாழைப்பழம் இருந்தது. அதை எடுத்து நிமிர்த்திப் பிடித்து, மிகுந்த கவனத்தோடு நுனியில் பத்தியைச் செருகத் தொடங்கினார். சந்திரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணை மட்டும் எடுக்கவில்லை.