சீச்சீயின் ஏரி

ஆய்வகத்தில் அவளுக்கு வைத்த பெயர் சீச்சீ. முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் சீச்சீ. கதவுக் கைப்பிடியை முழங்கையால் திறப்பாள். லிஃப்ட் பொத்தானைப் பேனா மூடியால் அழுத்துவாள். பொதுக் கோப்பைகளைத் தொடவே மாட்டாள். சொந்தக் கோப்பையைப் பூட்டி வைத்திருப்பாள். இப்படிப்பட்டவள் படித்து, பட்டம் வாங்கி, வாழ்க்கை முழுக்கக் கட்டிக்கொண்டது சேற்றை.

துருவத்துக்குப் பக்கத்தில், இன்று பனியைத் தவிர ஒன்றுமில்லாத இடத்தில், ஆழமாகத் துளைத்து எடுத்த சேறு அது. கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்பு, உலகமே சூடாகக் கிடந்த காலத்தில், அங்கே காடு இருந்தது. காட்டுக்கு நடுவே ஒரு ஏரி. ஏரி போய்விட்டது, அதன் அடிச்சேறு மட்டும் மிஞ்சியது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்து நறுக்கினால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். சீச்சீ மூக்கில் துணி கட்டிக்கொண்டுதான் நறுக்குவாள்.

நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் டயாட்டம். கண்ணுக்குத் தெரியாத பாசி. தன்னைச் சுற்றிக் கண்ணாடியில் ஓடு கட்டிக்கொண்டு வாழும். செத்த பிறகு உடம்பு மட்கிவிடும், ஓடு அப்படியே கிடக்கும். சேற்றை அமிலத்தில் கொதிக்கவிட்டு, தண்ணீர் விட்டுத் திரும்பத் திரும்பக் கழுவி, ஒரு சொட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் ஓடுகள் தெரியும். ஒவ்வொரு ரகத்துக்கும் ஒவ்வொரு தண்ணீர்தான் ஒத்துவரும். எது எவ்வளவு கிடக்கிறது என்று பார்த்தால், அந்த ஏரி குளிர்காலத்தில் உறைந்ததா இல்லையா என்று சொல்லிவிடலாம். உலகம் மறுபடியும் சூடாகிக்கொண்டிருக்கிற நேரத்தில் துருவம் என்ன ஆகும் என்று கேட்க, பழைய துருவத்தை விட்டால் வேறு ஆள் இல்லை.

அவளுக்குக் கிடைத்தது படகு மாதிரி ஒரு ரகம். உறைகிற குளிரைத் தாங்காதது. கழுவிய சேறு முழுக்க அது பளிச்சென்று கிடந்தது. அப்படியென்றால் அந்த ஏரி உறையவே இல்லை, துருவத்து இருட்டு மாதங்களில்கூட! இத்தனை வருட வேலையில் முதல் முறையாகக் கட்டுரையில் அவள் பெயர் முதலில் வந்தது. ஆய்வகத் தலைவர் பத்திரிகைக்காரர்களைக் கூட்டினார். அழைப்பில் 'துருவத்தில் ஒரு வெந்நீர்க் குளியல்' என்று போட்டிருந்தார்.

"வெந்நீர்னு யார் சார் சொன்னது?"

"எவன் வருவான் பின்ன? 'உறையாத ஏரி'ன்னா எழுந்து போயிடுவான்."

சீச்சீ அந்த அழைப்பை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

தலைவருக்கு மேடையில் காட்ட ஒரு படமும் தேவைப்பட்டது. "ஒரு பக்கம் உயிரே இல்லாத சேறு, இன்னொரு பக்கம் நம்ம படகுங்க. பார்த்தவுடனே கைதட்டணும்."

அதற்குத் தோதாகச் சேற்றில் ஒரு சாம்பல் அடுக்கு இருந்தது. பக்கத்து எரிமலை ஒரே மூச்சில் துப்பியது. அதில் ஒரு ஓடும் இருக்க வழியில்லை. சீச்சீ அதையும் கொதிக்கவிட்டாள், கழுவினாள், குனிந்து பார்த்தாள்.

படகு ரகம் கிடந்தது. புதுப் பீங்கான் தட்டு மாதிரி, விளிம்பில் ஒரு தேய்மானம்கூட இல்லாமல். மற்ற ரகங்களின் ஓடெல்லாம் அரித்துப் போயிருக்க, இது மட்டும் எப்படி இத்தனை அழகாகப் பிழைத்தது என்று அவள் அதுவரை பூரித்துத்தான் போயிருந்தாள். இப்போது அந்த அழகே உறுத்தியது. கண்ணாடித் துண்டை மாற்றிப் பார்த்தாள். மறுபடியும் படகு.

அவள் கணவர் பல் டாக்டர். சாப்பாட்டு மேஜையில் அவர் வாயைப் பற்றிப் பேசக் கூடாது, அவள் சேற்றைப் பற்றிப் பேசக் கூடாது என்று வீட்டில் ஓர் ஒப்பந்தம் உண்டு. அன்று அவளே அதை மீறினாள்.

"எதைக் கழுவினாலும் அது வருதுங்க."

"அப்ப கழுவற தண்ணியைப் பாரு."

"வடிகட்டின தண்ணி."

"தொட்டியில வடிகட்டின தண்ணி. தொட்டியிலேர்ந்து உன் கைக்கு எப்படி வருது?"

"ட்யூப்ல."

"கடைசியா எப்ப மாத்தினீங்க?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எங்க பேஷன்ட் நாற்காலியில தண்ணி வர்ற ட்யூபுக்கே மருந்து விடலேன்னா, உள்ள வழவழன்னு படை கட்டிடும். அது அப்படியே பேஷன்ட் வாயில..."

"நிறுத்துங்க!"

"ஆரம்பிச்சது நீ. நான் பேசினா மட்டும் குமட்டுதா?"

அந்த ட்யூப் ஜன்னலோரம் வெயிலில் தொங்கியது. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்தது. பழுத்து, பிசுபிசுத்துப் போன பிறகு அவள்தான் அதன் நுனியில் ஒரு துணியைச் சுற்றி, துணியைப் பிடித்துக்கொண்டு வேலை பார்த்தாள். ஆய்வகத்தில் உள்ள அத்தனையையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவியவள், தொட அருவருத்து அதை மட்டும் விட்டிருந்தாள். "மேடமே சும்மா இருக்காங்க" என்று மற்றவர்களும் விட்டுவிட்டார்கள்.

மறுநாள் காலை முதல் வேலையாகத் துணியை உருவி எறிந்தாள். ட்யூபைக் கழற்றி, நீளவாக்கில் பிளேடால் கிழித்தாள். உள்ளே பழுப்பாக, சளி மாதிரி ஒன்று சுவரோடு ஒட்டிக்கொண்டு அசைந்தது. ஒரு துளி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். படகுகள். இவை செத்த ஓடுகள்கூட இல்லை. வயிறு நிறைந்து, சாவகாசமாக ஊர்ந்துகொண்டிருந்தன. எவற்றைக் கோடிக்கணக்கான வருடப் பழசு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாளோ, அவை கண்ணெதிரே நகர்ந்து ஒன்றையொன்று இடித்துக்கொண்டன.

கிழித்த ட்யூபைத் தட்டில் வைத்துத் தலைவரின் மேஜைக்குக் கொண்டுபோனாள். கீழே கூடத்தில் பத்திரிகைக்காரர்கள் வந்து உட்காரும் சத்தம் கேட்டது.

விஷயத்தைக் கேட்டதும் தலைவர் முகம் சுருங்கியது. பின் தானாகவே நேரானது. "ஒரு ரகம்தானே? மத்ததெல்லாம் நிஜம்தானே?"

"அதை எடுத்துட்டா, மத்ததெல்லாம் ஏரி உறைஞ்சுதுன்னு சொல்லுது சார்."

"கொஞ்சூண்டு கலப்படம். இல்லாத இடம் எது? அடிக்குறிப்புல போட்டுக்கலாம். இன்னிக்குக் கூட்டம் நடக்கட்டும். உங்க பேரு முதல்ல இருக்கு, அதை யோசிச்சுப் பாருங்க."

அவளும் யோசித்தாள். சரி என்று சொல்லிவிட்டால் போதும். யாரும் சாம்பலைக் கழுவிப் பார்க்கப் போவதில்லை. அப்படி ஒரு கணம் நினைத்தது, அந்தத் தட்டில் இருந்ததை நாக்கால் தொட்டது போல இருந்தது.

அதற்குள் டீக் கோப்பைகளோடு மகரந்தம் வந்தார். அதே சேற்றில் பழைய மரங்களின் மகரந்தத்தைத் தேடுகிறவர் என்பதால் அந்தப் பெயர். தலைவர் ஒரு கோப்பையை எடுத்தார்.

சீச்சீ கோப்பையையே பார்த்தாள். "டீக்குத் தண்ணி எங்க பிடிச்சீங்க?"

"எப்பவும் பிடிக்கற ட்யூப்லதான். காலைல நீங்க வர்றதுக்கு முன்னாடியே பிடிச்சு வச்சேன். அந்தத் தண்ணின்னா கெட்டில்ல உப்பு படியாது மேடம்."

உதட்டுக்குப் பக்கத்தில் கோப்பை நின்றது. தலைவரின் கண் தட்டில் கிடந்த ட்யூபுக்குப் போய், டீக்குத் திரும்பியது.

"குடிங்க சார்," என்றாள் சீச்சீ. "ஒரே ஒரு ரகம்தான். கொஞ்சூண்டு."

அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, கைக்குட்டையால் உதட்டைத் துடைத்தார். இன்னும் குடிக்கவே இல்லை.

"ஐயோ, நான் ரெண்டு கப் குடிச்சுட்டேனே!" என்று மகரந்தம் வாஷ்பேசினுக்கு ஓடினார்.

"கீழ யார் போய்ச் சொல்றது?" என்றார் தலைவர், ட்யூபைப் பார்க்காமல்.

"நான்தான். முதல் பேரு என்னோடதுதானே."

கூடத்தில் பிஸ்கட் தூள் சிந்திய மேஜைகளுக்கு முன்னால் நின்று சொன்னாள். "அந்தப் பாசி ஏரியிலேர்ந்து வரலை. எங்க ட்யூப்லேர்ந்து வந்தது. கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கறோம். தப்பு என்னோடது."

"அப்ப நியூஸ் ஒண்ணும் இல்லையா?" என்றார் ஒருவர்.

இன்னொருவர் கேமராவைத் தூக்கினார். "அந்த ட்யூபைக் கொஞ்சம் மூஞ்சிக்குப் பக்கத்துல பிடிக்கறீங்களா மேடம்?"

அவள் பிடிக்கவில்லை. தட்டில் கிடந்ததை அவர்களே படம் எடுத்தார்கள். மறுநாள் பத்திரிகையில் ஏரி இல்லை, ட்யூப்தான் இருந்தது. பலர் காலைச் சாப்பாட்டோடு அதைப் பார்த்திருப்பார்கள் என்று நினைக்க அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

பிறகு சேறு முழுவதையும் முதலிலிருந்து கழுவினாள். புது ட்யூப், ஒவ்வொரு தடவையும் கூடவே, தனியாக, அதே எரிமலைச் சாம்பல் ஒரு சிட்டிகை. சாம்பலில் எதுவும் தெரியாவிட்டால்தான் அன்றைய சேறு செல்லும். படகு ரகம் எங்கேயும் இல்லை. ஏரி உறைந்திருக்கிறது, மெல்லிய பனி, கொஞ்ச காலம், பிறகு உருகியிருக்கிறது. இந்தத் தடவையும் அவள் பெயர்தான் முதலில். கூட்டம் எதுவும் போடவில்லை.

கட்டுரை வந்த அன்று கணவர் தன் கிளினிக்கிலிருந்து ட்யூப் கழுவும் மருந்து ஒரு பாட்டில் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

அவள் அதை இரண்டு விரலால் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "சீச்சீ, இது யார் யார் வாய்க்குப் போனது?"

"புது பாட்டில்மா. சீல் கூட உடைக்கலை."

சீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு பையில் போட்டுக்கொண்டு, கை கழுவப் போனாள். குழாயைத் திறக்கும் முன் குனிந்து அதன் வாய்க்குள் எட்டிப் பார்த்தாள்.