துவாதசியன்று நான் வாங்க மறுத்த தீர்த்தம்

என் பெண் வேதவல்லி பதினைந்து வயதில் பேசுவதையே விட்டுவிட்டாள். பெற்ற அப்பாவே அவளை அப்படி ஆக்கினார். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

யுத்த காலம். ஸ்ரீரங்கத்தில் எங்கள் அகத்துக்குக் கும்பகோணத்திலிருந்து பெண் பார்க்க வந்திருந்தார்கள். இன்னும் படிக்க வேண்டும் என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டாள் வேதா. வந்தவர்கள் எழுந்து போனார்கள். அன்று முதல் என் அகத்துக்காரர் அவளோடு பேசவில்லை. தினமும் காலையில் அகத்துப் பெருமாளுக்குத் திருவாராதனம் முடித்து, எனக்கும் பையன்களுக்கும் தீர்த்தம் கொடுப்பார். கையை நீட்டிக்கொண்டு நிற்கும் அவளை மட்டும் தாண்டிப் போவார். பெருமாள் தீர்த்தம் என்ன, இவர் அப்பன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரா? திருச்சியில் பள்ளிக்கூட வாத்தியார் வேறு. ஊரார் பிள்ளைகளைத் தட்டிக்கொடுப்பவருக்குத் தன் பெண்ணின் முகத்தைப் பார்க்க மனசு வரவில்லை.

சில நாள் கையை நீட்டிப் பார்த்தாள். பிறகு கூடத்துப் பக்கமே வரவில்லை. சாதத்தைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். தலை வாரிக்கொள்ள மாட்டாள். மெல்ல மெல்லப் பேச்சும் நின்றுபோயிற்று. புத்தூர் டாக்டர் உடம்பில் ஒன்றுமில்லை என்றார். உறவுக்காரர்கள் காற்று கருப்பு என்றார்கள். நான் என் அகத்துக்காரரிடம் கெஞ்சினேன், சண்டை போட்டேன். "என் பேச்சை மதிக்காத பொண்ணோட எனக்கென்ன பேச்சு?" என்றார். பேச்சையே விட்டிருந்த வேதா ஒரு நாள் என் மடியில் தலை வைத்து, "நான் இல்லேன்னா அப்பாவுக்கு நிம்மதியா இருக்குமாம்மா?" என்று கேட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது.

அன்று ஏகாதசி. பட்டினியோடு தாயார் சந்நிதிக்குப் போனேன். ஸ்தோத்திரம் வரவில்லை, கோபம்தான் வந்தது. பிள்ளைகள் என்ன தப்பு செய்தாலும் பெருமாளிடம் பரிந்து பேசிச் சேர்த்து வைப்பவள் நீ என்று நம்பித்தானே உன் வாசலில் வந்து நிற்கிறோம்? என் குழந்தைக்காக ஏன் வாயைத் திறக்கவில்லை? என் அகத்துக்காரர் மனசை மாற்று, இல்லாவிட்டால் எனக்காவது வழி காட்டு என்றேன். கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, அர்ச்சகர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும். மஞ்சள்காப்புப் பிரசாதம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது மனசு தெளிந்திருந்தது. என் அகத்தில் பரிந்து பேச வேண்டிய தாயார் நான்தான்.

மறுநாள் துவாதசி. தீர்த்தம் வாங்கிக்கொள்ளாமல் நாங்கள் பாரணை செய்து விரதம் முடிப்பதில்லை. அவர் என்னிடம் வந்தபோது நான் கையை நீட்டவில்லை.

"குழந்தைக்கு இல்லாத தீர்த்தம் எனக்கும் வேண்டாம். நீங்க பாரணை பண்ணுங்கோ" என்றேன்.

அந்தத் தைரியம் தாயார் கொடுத்தது. அவர் முறைத்தார். நான் நகரவில்லை. போட்ட இலை காய்ந்துகொண்டிருந்தது. துவாதசி கழிவதற்குள் சாப்பிட்டாக வேண்டும், ஆனால் பட்டினி கிடக்கும் பெண்டாட்டியைத் தாண்டிப் போய் உட்கார அவரால் முடியவில்லை. கடைசியில் உள்ளே பார்த்து, "வேதா, வந்து தீர்த்தம் வாங்கிக்கோ" என்றார்.

தன் பெயரை அவர் வாயால் கேட்டதும் ஓடி வந்தாள். வந்த வேகத்தில் தீர்த்தம் பாதி சிந்திவிட்டது. அவர் மறுபடியும் வார்த்தார்.

வேதா தேறுவதற்கு மாதக்கணக்கானது. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். என் குழம்பில் குறை சொல்கிறாள். அப்பாவிடம் பாடத்தில் சந்தேகம் கேட்கிறாள். தாயாருக்கு நான் எத்தனை சேவித்தாலும் போதாது. அகத்துக்காரர்மேல் எனக்கிருக்கும் கோபம் மட்டும் முழுதும் போகவில்லை. அது போக வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவும் இல்லை.

சகோதரிகளே, உங்கள் அகத்திலும் ஒரு குழந்தை முகம் வாடிக் கிடந்தால் தாயாரிடம் போய் அழுங்கள். அழுகை வராவிட்டால் என்னைப் போலச் சண்டை போடுங்கள். அவள் கேட்பாள். கேட்டுவிட்டு, உங்களையே அகத்துக்கு அனுப்பிப் பேச வைப்பாள்.