கால் சுற்று

நாற்பது நாளில் திரும்பி வந்த மூன்றாவது மிஷின் அது. சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து பட்டறை மேசையில் வைத்தவன் மச்சினன். மனைவியின் தம்பி, மரம் வெட்டுகிறவன். வெளியாள் என்றால் நாலு வார்த்தை சத்தம் போட்டு அனுப்பிவிடலாம். இவனிடம் அது செல்லாது. மகளின் பிரசவத்துக்கு அக்கா போன நாளிலிருந்து மாமா என்ன சாப்பிடுகிறார், எப்படித் தூங்குகிறார் என்று தினமும் அவளுக்குப் போனில் ஒப்பித்துக்கொண்டிருந்தவன் அவன்.

“பிஸ்டன் பிடிச்சுக்கிச்சு மாமா.”

“என்னது?”

“பிஸ்டன்! பிடிச்சுக்கிச்சு!”

“பெட்ரோல்ல ஆயில் கலந்தியா?”

“கலக்காம ஓட்டுவேனா? இன்னிக்கு நேத்தா ஓட்டுறேன்?”

“கலந்திருந்தா ஏன் பிடிக்குது? என் காதுல பூ சுத்தாத மாப்ள.”

மச்சினன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“மரத்தைப் பாதி அறுத்தாச்சு. பக்கத்துல ஓட்டு வீடு, உள்ள ஒரு வயசானவரு கட்டில்ல படுத்திருக்காரு, எழுப்ப முடியாது. அப்பப் பார்த்து மிஷின் நின்னு போச்சு. காத்து வேற. மூணு பேர் கயித்தை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நிக்க, மிச்சத்தைக் கோடாலியால வெட்டி இறக்குனேன். ஒரு மணி நேரம் மாமா.”

அதற்குமேல் அவரால் ஆயிலைக் குற்றம் சொல்ல முடியவில்லை. மிஷினைப் பிரிக்க ஆரம்பித்தார். அதுவும் அலுப்பாகத்தான் இருந்தது. முதுகு வலி, முழங்கை வலி. நாற்பது நாளுக்குள் ஒரே மாதிரி வேலையை மூன்றாவது முறை செய்கிற வெறுப்பு எல்லாவற்றையும்விட அதிகமாக வலித்தது.

அவருக்குக் காதுக்காரர் என்று பெயர். மரம் வெட்டுகிறவர்கள் வைத்த பெயர். அவரிடம் வருவதெல்லாம் பழைய செயின்சாக்கள்தான். புது மாடல்களை அவர் தொடமாட்டார். உள்ளே ஏதோ கம்ப்யூட்டர் உட்கார்ந்துகொண்டு யார் பேச்சையும் கேட்காது என்பது அவர் குற்றச்சாட்டு. பழையதில் இரண்டு மாடல்களை வருடக்கணக்காக மோதவிட்டுப் பார்த்திருக்கிறார். ஒன்றுக்கு எருமை என்று பெயர், கனம் அப்படி. இன்னொன்று வெட்டுக்கிளி. பின்முற்றத்தில் ஒரே கட்டையை முட்டுக்கொடுத்து வைத்து, ஒரே மாதிரி அரம் போட்ட செயினை மாட்டி, இரண்டையும் மாற்றி மாற்றி அறுத்து, விநாடியைச் சுவரில் சாக்பீஸால் எழுதுவார். கம்பெனி செய்து கொடுத்தபடி ஓட்டினால் வெட்டுக்கிளிதான் முந்தும். ஆனால் அதன் உடம்பு மெலிசு, கைவைக்க இடமில்லை. எருமைக்குத் தடித்த உடம்பு. சைலன்சரில் கூடுதலாக ஒரு ஓட்டை, சிலிண்டருக்கு அடியில் இருக்கும் கேஸ்கட்டை உருவிவிட்டு ஒரு மயிரிழை கீழே இறக்குவது, புகை போகும் வழியைச் சின்னக் கிரைண்டரால் இழைத்து அகலமாக்குவது. இவ்வளவும் செய்தால் பதினான்கு விநாடி பிடித்த கட்டையை ஒன்பதரையில் அறுத்துத் தள்ளும். வெட்டுக்கிளி பக்கத்தில் நிற்க முடியாது.

இந்த வேலையை இன்னும் நாலு பேர் செய்வார்கள். கடைசி வேலைக்குத்தான் அவர் பெயர் வாங்கியிருந்தார். கார்புரேட்டரில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கிறது. மூடினால் பெட்ரோல் குறையும், திறந்தால் கூடும். மிஷினை வெறுமனே முழு வேகத்தில் விட்டால் அதன் சத்தம் கொஞ்சம் கரகரக்க வேண்டும், தொண்டையில் சளி கட்டியவர் பேசுகிற மாதிரி. மரத்தில் வைத்ததும் கரகரப்பு தெளிய வேண்டும். வெறுமனே விடும்போதே கணீரென்று பாடினால் ஆபத்து. பெட்ரோல் போதவில்லை, சீக்கிரமே சூட்டில் பிஸ்டன் கீறிப் பிடித்துக்கொள்ளும். வேக மீட்டர் வைத்துப் பார்க்கலாமே என்று கேட்பவர்களுக்கு அவரிடம் பதில் தயாராக இருக்கும்: “புத்தகத்துல போட்ட நம்பர் கம்பெனி மிஷினுக்கு. நான் தோண்டுன மிஷினுக்கு நம்பர் எவன் போட்டான்?” சொல்வது நியாயம்தான். அதைச் சொல்லும்போது இருக்கும் மிதப்பைத்தான் சகிக்க முடியாது.

சத்தம் கேட்க வேண்டுமென்றே அவர் ஒரு நாளும் காதை மூடியதில்லை. முப்பத்தோரு வருடம் வெறுங்காது. மனைவி மட்டும் செயினுக்கு அரம் போட வந்த முதல் நாளே ஒரு காதுமூடி வாங்கி மாட்டிக்கொண்டாள். “காதைப் பொத்திக்கிட்டு வேலை செய்யற ஒரே ஆளு எங்க வீட்டம்மாதான்” என்று வருகிறவர்களிடமெல்லாம் கேலி பேசுவார். அவளுக்கு அது கேட்காது என்று நினைப்பு.

சிலிண்டரைக் கழற்றிப் பார்த்தார். புகை போகும் பக்கம் பிஸ்டன் முழுக்கக் கோடு கோடாகக் கீறியிருந்தது. முதல் இரண்டும் இப்படித்தான் இருந்தன. கலப்பட பெட்ரோல் என்று ஒருவனிடம் சொன்னார், ஓட்டத் தெரியவில்லை என்று இன்னொருவனிடம் சொன்னார். மூன்றாவது சப்பைக்கட்டு வாய்வரை வந்து நின்றுவிட்டது. கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருப்புளியால் மெதுவாக மூடி எண்ணினார். சரியாக ஒரு சுற்று. அவர் வைத்தது வைத்தபடியே இருந்தது.

“உன்கிட்ட இன்னொரு எருமை இருக்குல்ல? போன வருஷம் பண்ணிக் குடுத்தது?”

“அதுக்கென்ன, ஜம்முனு ஓடுது. வண்டியில இருக்கு.”

“எடுத்துட்டு வா.”

இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். அதே மாடல், அதே ஓட்டை, அதே இழைப்பு. அதன் ஸ்க்ரூவையும் மூடி எண்ணினார். ஒன்றேகால் சுற்று. மறுபடி திறந்து, மறுபடி மூடினார். ஒன்றேகால்தான்.

“நீ இதுல கை வச்சியா?”

“அந்த ஸ்க்ரூவுக்குப் பொருந்துற திருப்புளியே என்கிட்ட கிடையாது மாமா.”

மச்சினன் போனபிறகு, அரம் போடுவதற்காக அலமாரியில் வந்து கிடந்த மிஷின்களை ஒவ்வொன்றாக இறக்கினார். எல்லாம் அவர் கை பட்டவை, எல்லாம் கடந்த ஒரு வருடத்தில், இந்த நாற்பது நாளுக்கு முன் போனவை. ஒன்றேகால். ஒன்றேகால். ஒன்றேகாலுக்கு ஒரு துளி அதிகம். இந்த ஒரு வருடத்தில் அவர் எதையும் அப்படி வைத்ததே இல்லை. ஊரார் எல்லோரும் சேர்ந்து கால் சுற்று திருப்புவார்களா? டியூன் செய்து அவர் உள்ளே அடுத்த மிஷினுக்குப் போனபின் செயினை மாட்டி, ஒரு தடவை அறுத்துப் பார்த்து, துடைத்துக் கொடுப்பது ஒரே ஆள். இந்த நாற்பது நாளும் அந்த ஆள் இல்லை, அதையும் அவரே செய்தார்.

ஸ்டூலில் உட்கார்ந்தார். எழுந்திருக்கத் தோன்றவில்லை. தலைக்கு மேல் டியூப் லைட் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. இரண்டு முறை மாற்றியாகிவிட்டது, சனியன் இன்னும் கத்துகிறது. மூன்று வாரத்துக்கு முன் மனைவி போனில், “பேத்தி சிணுங்குறா, கேக்குதா?” என்று குழந்தையிடம் போனைக் கொண்டுபோனாள். “கேக்குது கேக்குது” என்று சொல்லிவைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. சிக்னல் சரியில்லை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டார்.

அவள் மறுநாள் காலையில் வந்து சேர்ந்தாள். பையை வைத்தாள், முகம் கழுவினாள், பேத்தியின் மூக்கு யார் மாதிரி என்று சொன்னாள். அவர் மேசையில் அந்த இரட்டை மிஷின்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்.

“இதுல கால் சுற்று கூட இருக்கு” என்றார்.

அவள் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். துடைத்து முடித்தபிறகும் துடைத்தாள்.

“தம்பி போன்ல சொன்னான்” என்றாள். “கோடாலியால வெட்டி இறக்குனானாம்.”

“எவ்வளவு நாளா?”

“ஒரு வருஷமாச்சு. குக்கர் வச்சுட்டுக் கடைக்குப் போனேனே ஒரு நாள், மூணு விசில் வந்தா அணைங்கன்னு சொல்லிட்டு? திரும்பி வரப்ப தெருமுனையிலயே தீஞ்ச வாடை. நீங்க அடுப்புப் பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிச்சுட்டிருந்தீங்க.”

“அன்னிக்கு விசில் வரலன்னு சொன்னேனே.”

“பக்கத்து வீட்டுக்காரங்க எத்தனை விசில்னு எண்ணி வச்சிருந்தாங்க.” அவள் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. “அப்புறம்தான் மிஷினைக் கவனிச்சேன். நீங்க வச்சுட்டுப் போனதும் கணீர்னு பாடும். கரகரப்பே இருக்காது. செயினை மாட்டி அறுத்துப் பார்க்கிற சாக்குல கொஞ்சம் திறந்து விட்டுருவேன்.”

காதும் காதும் வைத்தாற்போல் ஒரு வருடம். கணக்காக எண்ணினால் அறுபது மிஷினாவது இருக்கும். ஊரில் அவர் பெயரைக் காப்பாற்றியது அவர் பொத்திவிட்டதாகக் கேலி செய்த காது.

“ஏன் சொல்லல?” அவருக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் அவள்மேலேயே வந்தது. “ஊருக்குக் கிளம்பும்போதாவது சொல்லியிருக்கலாம்ல? உன் தம்பி தலையில மரம் விழுந்திருந்தா?”

“சொல்லணும்னுதான் இருந்தேன். பஸ்ல ஏறி ஜன்னல் பக்கம் உக்காந்து சொன்னேன். நீங்க கீழ நின்னுக்கிட்டு, ‘கேக்கல, சத்தமா சொல்லு’ன்னீங்க.” அவள் துண்டை மேசையில் போட்டாள். “பஸ் முழுக்க ஆளு. நம்மகிட்ட மிஷின் வாங்குனவங்க ரெண்டு பேர் முன் சீட்டுல. அதை எப்படிங்க சத்தமா சொல்றது?”

அவருக்கு அந்த ஜன்னல் ஞாபகம் வந்தது. அவள் வாய் அசைந்ததும், அவர் ‘சரி சரி, பார்த்துப் போ’ என்று கையாட்டியதும். சாப்பாட்டைப் பற்றி ஏதோ சொல்கிறாள் என்று நினைத்தார். கோபம் இறங்கிவிட்டது. அது இருந்த இடத்தில் சோர்வு மட்டும் உட்கார்ந்துகொண்டது.

மத்தியானம் மச்சினன் வந்தான். கூடவே மரம் வெட்டுகிறவர்கள் இரண்டு பேர், முன்பே மிஷின் பிடித்துக்கொண்ட அதே இரண்டு பேர். இதற்குள் புது பிஸ்டன் போட்டு மூடியாகிவிட்டது. மறுநாள் காலையில் மச்சினனுக்கு ஒரு பள்ளிக்கூடத்துப் பக்கம் மரம் இருந்தது. டியூன் மட்டும் பாக்கி. மூன்று பேரும் பின்முற்றத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். காதுக்காரர் என்ன செய்கிறார் பார்க்கலாம் என்பதுதான் அந்த நிற்பின் அர்த்தம்.

கயிற்றை இழுத்தார். மூன்றாவது இழுப்பில் பிடித்தது. சூடாகும்வரை விட்டு, முழு வேகத்துக்குக் கொண்டுபோனார். சத்தம் கனமாக, மந்தமாகக் கேட்டது, போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி. இன்னும் கொஞ்சம் மூடினால் தெளிந்துவிடும் என்று விரல் சொன்னது. முப்பத்தோரு வருடமாகச் சொல்கிற விரல், அதை நம்பாமல் இருப்பது லேசில்லை. திருப்புளி ஸ்க்ரூவில் இருந்தது. மனைவி அரம் போடும் பலகையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தலையை ஆட்டவில்லை, சாடை காட்டவில்லை. அவர் பேசாமல் வைத்துவிட்டு உள்ளே போயிருந்தால், அவள் எப்போதும்போல வந்து திறந்து வைத்திருப்பாள், அவருக்கும் ஊருக்கும் ஒரு குறையும் வந்திருக்காது.

அவர் வேகத்தைக் குறைத்தார். திருப்புளியை அவளிடம் நீட்டினார்.

“இங்க வா. நீ வை.”

“நானா?” என்றாள் அவள், தம்பியைப் பார்த்துக்கொண்டு.

“எனக்குக் கேக்கல” என்றார். மிஷின் சத்தத்துக்கு மேலே கேட்கட்டும் என்று கத்தித்தான் சொன்னார். “ஒரு வருஷமா இவதான் வைக்கிறா. உங்க மூணு மிஷினும் இவ இல்லாதப்ப நான் வச்சது.”

மச்சினன் தரையைப் பார்த்தான். அவள் எழுந்து வந்து காதுமூடியைக் கழற்றினாள், வைக்க இடமில்லாமல் கையில் வைத்துக்கொண்டு தடுமாறினாள். அவர் அதை வாங்கிக்கொண்டார். அவள் குனிந்தாள். அவர் மிஷினை அழுத்திப் பிடித்துக்கொண்டு முழு வேகம் கொடுத்தார். கொஞ்சம் திறந்தாள், தலையைச் சாய்த்தாள், இன்னும் கொஞ்சம் திறந்தாள். விரலைத் தூக்கினாள்.

மச்சினன் மிஷினை வாங்கிக் கட்டையில் வைத்து அறுத்தான். ஒருவன் போனில் நேரம் பார்த்தான். பத்து விநாடி. பழையதைவிட அரை விநாடி மெதுவு. அவரே சாக்பீஸை எடுத்துச் சுவரில் எழுதினார்.

இரண்டாவது தடவை அறுக்கத் தொடங்கும்போதுதான் கையில் இன்னும் காதுமூடி இருப்பதைக் கவனித்தார். இனி எதற்குத் திறந்து வைத்திருக்க வேண்டும்? முதல் தடவையாக மாட்டிக்கொண்டார். மிஷின் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. எல்லாம் அடங்கியபிறகும் அந்தக் கீச்சொலி மட்டும் பாக்கி இருந்தது, மெலிசாக, நிற்காமல். அவர் அண்ணாந்து பார்த்தார். முற்றத்தில் டியூப் லைட் ஏதுமில்லை.