அரிஸ்டைடீஸை யாரும் திருப்பிக் கூப்பிடவில்லை

இன்று காலை பூனை ஒன்று மாடிச் சுவரிலிருந்த துளசித் தொட்டியைத் தள்ளி உடைத்துவிட்டது. மஞ்சக்குப்பத்து வாடகை வீட்டில் நான் பார்க்கிற ஒரே விவசாயம் அது. பெருக்க உட்கார்ந்தவன், ஈர மண் வாசனையோடு ஒரு சில்லைக் கையில் எடுத்துவிட்டேன். உள்ளங்கை அகலம், நல்ல சிவப்பு, ஒரு பெயர் எழுத இடம். அலுவலகத்துக்கு இன்று தாமதம்தான்.

சிதம்பரத்தில் எம்.ஏ. வரலாறு படித்த நாளில் இந்த மாதிரிச் சில்லுதான் எங்கள் வாக்குச்சீட்டு. மேலவீதிக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் நான்கு பேர் இருந்தோம். கீரப்பாளையத்து ரவி, கடலூர் மீனவர் வீட்டுப் பிள்ளை குமார், பரங்கிப்பேட்டை ஜாபர், அப்புறம் நான். அந்தக் காலத்து ஏதென்ஸில், ஊருக்கு ஆகாதவன் என்று தோன்றுகிறவனின் பெயரைப் பானைச் சில்லில் கீறிப் போடுவார்கள். அதிகம் பேர் யார் பெயரைக் கீறினார்களோ அவன் பத்து வருஷம் ஊரை விட்டுப் போக வேண்டும். வீடு, நிலம் எல்லாம் அவன் பேரிலேயே இருக்கும், திரும்பி வந்து அனுபவிக்கலாம். வகுப்பில் இதைக் கேட்ட வாரமே ஜாபர் அதை அறையில் சட்டமாக்கிவிட்டான். ஞாயிறு காலை வாக்கெடுப்பு. தோற்றவன் சாயங்காலம் வரை அறைக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. குமார் வீட்டிலிருந்து வரும் மீன் குழம்பும் அவனுக்குக் கிடையாது. பெரும்பாலும் தோற்றது நான்தான். கோபுர வாசலில் பசியோடு உட்கார்ந்து ஜனநாயகத்தை நிறையத் திட்டியிருக்கிறேன்.

ஆளுக்கொரு கிரேக்கப் பெயரும் இருந்தது. எனக்கு சாக்ரடீஸ். அறிவுக்காக வைத்த பெயர் என்று நினைத்துவிடாதீர்கள், அவருக்கும் சப்பை மூக்காம். ரவி அலெக்சாண்டர், சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கே போனாலும் சொன்ன நேரத்துக்குத் திரும்ப மாட்டான். ஜாபர் மட்டும் தன் பெயரைத் தானே வைத்துக்கொண்டான், ஏதென்ஸில் நேர்மைக்குப் பேர்போன ஒருவரின் பெயர். அரிஸ்டைடீஸ்.

அந்தக் கதையை அவன் சொல்லிக் கேட்க வேண்டும். வாக்கெடுப்பு நாளில் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பட்டிக்காட்டான், ஆள் தெரியாமல் அரிஸ்டைடீஸிடமே சில்லை நீட்டி, "இதுல அரிஸ்டைடீஸ்னு எழுதிக் குடு" என்கிறான். அவன் உனக்கு என்ன கெடுதல் செய்தான் என்று கேட்டால், "ஒண்ணும் பண்ணல. எங்க போனாலும் அவன நேர்மையானவன், நேர்மையானவன்னு சொல்றாங்க. கேட்டுக் கேட்டு சலிச்சிப்போச்சு" என்கிறான். அரிஸ்டைடீஸ் சில்லை வாங்கித் தன் பெயரை எழுதிக் கொடுத்துவிடுகிறார். இந்த இடம் வரும்போதெல்லாம் ஜாபருக்குக் குரல் இறங்கிவிடும். ஏதென்ஸைப் பற்றி ஆராய்ச்சி செய்து வாத்தியாராக வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை.

தேர்வு முடிந்த ஞாயிறு கடைசி வாக்கெடுப்பு. சில்லுகளைத் திருப்பினால், ஒன்றில் ஜாபரின் கையெழுத்தில் ஜாபரின் பெயர்.

"இது செல்லாதுடா" என்றான் ரவி.

"செல்லும் மச்சான். வாப்பா படுத்துட்டாங்க. மூணு தங்கச்சி இருக்கு. மாமா விசா அனுப்பிட்டாங்க, நாளான்னிக்கு மஸ்கட் போறேன்."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். "பத்து வருஷந்தானடா, சட்டமே அதான். அரிஸ்டைடீஸக்கூட அதுக்கு முன்னாடியே, பாரசீகக்காரன் படையெடுத்து வந்தப்ப திருப்பிக் கூப்டுகிட்டாங்க, தெரியுமில்ல? இங்கயும் பாரசீகக்காரன் வந்தான்னா என்னையும் கூப்புடுங்க."

பாரசீகக்காரன் கடைசிவரை வரவில்லை. தங்கைகளின் கல்யாணம் வந்தது, வீடு கட்டுவது வந்தது, பிறகு அவன் மகளின் கல்யாணம். முதலில் எல்லாம் போனில், "தண்டனைக் காலம் கொறஞ்சிகிட்டே வருது சாக்ரடீஸ்" என்பான். பத்து வருஷம் தாண்டியதும் ஏதென்ஸ் பேச்சையே விட்டுவிட்டான். நானும் எடுக்கவில்லை.

உடம்புக்கு முடியாமல் போய், போன மாதம்தான் ஒரேயடியாக வந்து சேர்ந்தான். பரங்கிப்பேட்டைக்குப் போய்ப் பார்த்தேன். பெரிய வீடு. கூடத்து மூலையில் ஒரு நாற்காலியில், விருந்தாளி மாதிரி ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். சர்க்கரை, கால் வீக்கம் என்றெல்லாம் பேசினோம். தேநீர் வந்தது. குடித்துக்கொண்டிருந்தவன் திடீரென்று கேட்டான்.

"சில்லுல தன் பேரத் தானே எழுதிக் குடுத்தானே ஒருத்தன். அவன் பேரு இன்னா மச்சான்?"

அரிஸ்டைடீஸ் என்று சொன்னேன்.

"ஆங், அவன்தான். அவன அப்புறம் திருப்பிக் கூப்டாங்களா?"

"கூப்டாங்க."

"குடுத்து வச்சவன்" என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கீழே வைத்தான்.

திரும்பும்போது சிதம்பரம் வரை சுற்றிப் போய் அந்த மாடி அறையைத் தேடினேன். வீட்டையே இடித்துத் தரைமட்டமாக்கி, வண்டி நிறுத்த விட்டிருக்கிறார்கள். குமார் இறந்து வெகுகாலம் ஆகிறது. ரவி எங்கே இருக்கிறான் என்று ஜாபருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

சில்லை வெகுநேரம் கையில் வைத்திருந்தேன். அதில் யார் பெயரை எழுதினாலும், வெளியே போ என்று சொல்ல ஒரு அறை வேண்டுமே. மண்ணோடு சேர்த்து அள்ளிக் குப்பை வண்டியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன்.