நாரங்கா மாமி வீட்டில் பூண்டு மணம்

மட்டாஞ்சேரி அரண்மனைக்குப் பின்னால் இருந்த சந்தில் போய் நீலாம்பாள் வீடு எது என்று கேட்டால், "பம்பளிமாஸ் மரம் நிக்கற வீடா?" என்று திருப்பிக் கேட்பார்கள். மலையாளிகள் அந்தப் பழத்தைக் கம்பிளி நாரங்கா என்பார்கள். பேர் எதுவானாலும் பழம் ஒன்றுதான். தடித்த தோல், உள்ளே இளஞ்சிவப்புச் சுளை, இனிப்பா புளிப்பா என்று கடைசிவரை தீர்மானிக்க விடாத ருசி.

1979 ஐப்பசியில் அவள் கணவர் விஸ்வேஸ்வரன் போன பிறகு அந்தப் பழத்தைப் பறிக்க ஆளில்லை. தானாகப் பழுத்தது, தானாக விழுந்தது. சமையலறையில் இருக்கிறவளுக்குத் தொப்பென்று சத்தம் கேட்கும். யாரோ கொல்லைப்பக்கம் வந்து எதையோ இறக்கி வைத்தது போல இருக்கும். பழம்தான் என்று தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு முறையும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

சத்தத்தைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சாயங்காலம் விளக்கேற்றுகிற நேரத்தில், அவர் வேலை முடிந்து படியேறுகிற அதே வேளையில், வாசல் பக்கத்திலிருந்து பூண்டு மணம் வந்தது. அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அந்த வீட்டில் பூண்டு என்கிற பேச்சே கிடையாது. பாலக்காட்டிலிருந்து வந்து கொச்சியில் வேரூன்றிய ஐயர் குடும்பம். வெங்காயமே கொல்லை வழியாகத்தான் உள்ளே வரும். பூண்டுக்கு அந்த வழியும் இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், விஸ்வேஸ்வரன் கணக்கெழுதியது பஜார் ரோட்டில் ஒரு பூண்டு மண்டியில். பூண்டு விற்ற காசில் அரிசி வாங்கலாம், பூண்டு வாங்கக்கூடாது. நம் ஆசாரங்களுக்கு இப்படி ஒரு சௌகரியம் எப்போதும் உண்டு. அவர் சட்டையில் பூண்டு வாடை இருந்தால் அது மண்டியின் வாடை. அதைப் பற்றி யாரும் இரண்டாவது கேள்வி கேட்டதில்லை.

ஐயர் வீட்டில் பூண்டு நுழைவதற்கு ஒரே ஒரு வாசல் உண்டு. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க, நெய்யில் வதக்கிக் கொடுப்பார்கள். அது மருந்து, ஆகையால் தோஷமில்லை. நீலாம்பாளுக்கும் அப்படி ஒரு காலம் வந்தது. எட்டாம் மாசமே மாமியார் பூண்டு வாங்கிப் பரணில் வைத்தாள். குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. பிறகு ஒன்றும் தங்கவில்லை. பரணில் இருந்த பூண்டை எல்லோரும் மறந்துபோனார்கள். பல நாள் கழித்து அவள்தான் அதைக் கண்டாள். ஒவ்வொரு பல்லிலிருந்தும் பச்சையாக முளை வந்திருந்தது. பிள்ளை முளைக்காத வீட்டில் இது மட்டும் முளைத்திருக்கிறதே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. அன்றிலிருந்து அவளுக்கு அது வெறும் ஆசாரம் இல்லை.

எழுபத்தைந்தில் விஸ்வேஸ்வரனுக்கு ரத்த அழுத்தம் என்று டாக்டர் ராமபத்ரன் கண்டுபிடித்தார். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, எழுந்தவரிடம், "உப்பைக் குறைங்கோ. வெளுத்துள்ளி சாப்பிடுவேளோ? தினம் நாலு அல்லி நல்லதுன்னு சொல்றா" என்று பூண்டுப் பல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை சேர்த்தார். வீட்டுக்கு வந்து அவர் அதைச் சொன்னதும் நீலாம்பாள் கையில் இருந்த கரண்டி நின்றது.

"உள்ளி இந்த ஆத்துக்குள்ள வரப்படாது. பின்னே நான் இருக்க மாட்டேன்."

"டாக்டராக்கும் சொன்னது, நீலா."

"டாக்டர் திங்கட்டும்."

ஆனால் அவள் வெறும் பிடிவாதக்காரி இல்லை, நியாயம் பேசத் தெரிந்தவள். சென்னையிலிருந்து தபாலில் வரும் மாதர் பத்திரிகை ஒன்றில் எந்தப் பண்டத்தில் என்ன சத்து என்று அட்டவணை போட்டிருந்தார்கள். அதைத் தேடி எடுத்து அவர் முன்னால் விரித்தாள். நூறு கிராம் பூண்டு, நூறு கிராம் பம்பளிமாஸ். பார்த்தால் பூண்டுதான் ஜெயித்திருந்தது. புரதம், சுண்ணாம்புச் சத்து, பாஸ்பரஸ் எல்லாம் அதில் கூடுதல். பழத்தில் பெரும்பாலும் தண்ணீர். வைட்டமின் சி மட்டும் பழத்தில் மேலே நின்றது.

"ஆராவது நூறு கிராம் உள்ளி திம்பாளா?" என்று கேட்டாள் நீலாம்பாள். "நாலு அல்லி என்ன எடை வரும்? அதுல இந்தச் சத்தெல்லாம் எத்தனை கிட்டும்? ஒரு பம்பளிமாஸ் முழுசா உரிச்சுத் தின்னா ஒரு நாளைக்கு வேண்டிய சி வைட்டமின் வயத்துல. நீங்கதானே கணக்குப்பிள்ளை, கூட்டிப் பாருங்கோ."

அவர் கூட்டிப் பார்த்தார். சிரித்தார். "கணக்கு சரியாக்கும்" என்றார். உண்மையிலேயே சரிதான். டாக்டர் சொன்னது அந்த அட்டவணையில் இருக்கிற சத்துக்காக இல்லை என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லாமல் இருந்தார்.

அதன்பின் மத்தியானச் சோற்றோடு ஒரு டப்பாவில் பம்பளிமாஸ் சுளை தினமும் மண்டிக்குப் போயிற்று. மேல்தோல், பஞ்சு, விதை, கசக்கும் மெல்லிய தோல் எல்லாம் நீக்கி, சுளை உடையாமல் உரித்து வைப்பாள். பழமில்லாத மாதங்களில் யாரிடமாவது கேட்டு வாங்குவாள். பிள்ளைக்குச் செய்ய முடியாமல் போனதையெல்லாம் அந்த டப்பாவில் வைத்து அடைத்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். டப்பா சாயங்காலம் காலியாகத் திரும்பி வரும். அவளுக்கு அதைக் கழுவும்போதே மனசு நிறையும்.

இத்தனைக்குப் பிறகும் அவர் ஒருநாள் மார்வலி என்று பஜார் ரோட்டில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

காரியங்கள் முடிந்து வந்தவர்கள் எல்லாம் போனதும் கணக்கு அவளைத் திருப்பிக் கேட்டது. நாலு அல்லி. அவர் கேட்டது அவ்வளவுதான். செத்துப்போன பிள்ளையின் மேலிருந்த துக்கத்துக்கு உயிரோடிருந்த புருஷனைப் பலி கொடுத்தேனோ? அந்த எண்ணம் உள்ளே புகுந்த நாலைந்து நாளில் மணம் வர ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுச் சமையலாக இருக்கும் என்று ஜன்னலைச் சாத்தினாள். சாத்திய ஜன்னலுக்குள்ளும் வந்தது. அவர்தான் வந்து நிற்கிறார், கேட்டு மறுத்ததை இப்போது வாய் திறக்காமல் கேட்கிறார் என்று நம்பினாள். பயத்தில் விளக்கை வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பூஜை அறையில் உட்கார்ந்துகொள்வாள்.

வருஷத் திதி நெருங்கியது. போனவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் போடுகிற நாள். ஆனால் சிராத்தச் சமையலில் பூண்டு என்றால் சாஸ்திரிகள் செம்பைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். திதிக்கு முன்பே, யாருக்கும் தெரியாமல், ஒருதரம் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தாள். கொடுத்தால் போய்விடுவார், நிம்மதியாக இருப்பார். பூண்டை எப்படி உரிப்பது, எப்படி வேகவைப்பது என்றுகூட அவளுக்குத் தெரியாது. வருஷம் முடியாத விதவை, தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவர் கணக்கெழுதிய மண்டியிலேயே கேட்டுக்கொள்ளலாம் என்று, பட்டப்பகலில் பஜார் ரோட்டுக்கு நடந்தாள்.

மண்டி வாசலில் ஒரு பெண் முறத்தில் பூண்டு புடைத்துக்கொண்டிருந்தாள். நீலாம்பாள் யார் என்று சொன்னதும் முறத்தைக் கீழே வைத்து எழுந்தாள்.

"நாரங்கா மாமியா? நான் காளியம்மா. சாமி எங்கிட்ட உங்களைப் பத்திச் சொல்லாத நாளில்லை."

"நாரங்கா மாமியா?"

"என் புள்ளைக்கு நீங்க அதுதானே மாமி. ஈறெல்லாம் வீங்கி ரத்தமா வந்துச்சு அவளுக்கு, எலும்பும் தோலுமா கெடந்தா. சாமி பாத்துட்டு, டப்பாவை அப்படியே எடுத்துக் குடுத்தாரு. அன்னையிலேந்து தினமும். இப்போ பாருங்க, பள்ளிக்கூடம் போறா."

நீலாம்பாள் ஒரு அடி கிட்டே வந்தாள். "அவர் திங்கலையா?"

"ஒரு சுளை திம்பாரு. வீட்டுல கேட்டா பொய் சொல்லப்படாதுன்னு." காளியம்மாளுக்குச் சிரிப்பு வந்தது, எதிரே இருப்பவள் முகத்தைக் கண்டு அடக்கிக்கொண்டாள். "பதிலுக்கு நான் சாயா போடற கனல்ல வெளுத்துள்ளி சுட்டுக் குடுப்பேன். நாலே நாலு பல்லு. விடாம தின்னாரு மாமி, கடைசி நாள் வரைக்கும். அப்படியும் போயிட்டாரே."

நீலாம்பாளுக்கு அப்போதுதான் புரிந்தது. தான் கொல்லவில்லை. இத்தனை நாள் தூக்கிச் சுமந்த பாரம் ஒரு நிமிஷத்தில் இறங்கிவிட்டது. இறங்கிய இடம் வலித்தது.

"எனக்குப் பயந்துண்டா ஒளிச்சுத் தின்னார்?"

"பயமா? ஐயோ, இல்லை மாமி. நானும் கேட்டேன், வீட்டுல சொன்னா என்னன்னு. 'காளீ, அந்த மணம் அவளுக்குப் போன குழந்தையை ஞாபகப்படுத்தும். எனக்கு எங்கே தின்னா என்ன, அவளாவது நிம்மதியா இருக்கட்டும்'னு சொன்னாரு."

பரணில் கண்ட முளையைப் பற்றி அவள் அவரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவருக்குத் தெரியாது என்றே இத்தனை வருஷம் இருந்துவிட்டாள். காளியம்மாள் ஒரு பிடி பூண்டைக் காகிதத்தில் பொதிந்து கொடுத்து, தோலோடு கனலில் போடச் சொன்னாள். நீலாம்பாள் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு வீடு திரும்பினாள்.

அன்று விளக்கேற்றியதும் மணம் வரவில்லை. மறுநாளும் இல்லை. பயந்து பயந்து ஓடியவள் இப்போது வாசற்படியிலேயே காத்துக் கிடந்தாள். உப்புக் காற்று வந்தது, யார் வீட்டிலோ மீன் பொரிக்கிற வாடை வந்தது. அவர் வரவில்லை. திதிக்கு முந்தின நாள் சாயங்காலம் கனல் மூட்டி அந்தப் பூண்டைச் சுட்டாள். வீடு முழுக்க மணந்தது. இலை போட்டு, உரித்து வைத்து, கதவை விரியத் திறந்தாள்.

"ஏன்னா, இங்கேயே சாப்பிடலாம். நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

சந்தில் ஒரு சைக்கிள் போயிற்று. வேறு யாரும் இல்லை. பூண்டு ஆறிப்போகும்வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒரு பல்லை எடுத்து வாயில் போட்டாள். காரம் இருக்கும், நாறும் என்று நினைத்திருந்தாள். அது வெண்ணெயாகக் கரைந்தது, லேசாகத் தித்தித்தது. வீட்டுக்கு வந்து "நீயும் ஒண்ணு தின்னு பாரேன்" என்று சொல்ல அவருக்கு எத்தனை நாள் நாக்குத் துடித்திருக்கும் என்று நினைத்தபோதுதான், அவர் போன பிறகு முதல்முறையாக, அவள் வாய்விட்டு அழுதாள்.